ஒரு காதில் மட்டும் இரைச்சல், ஒரு காது மட்டும் மந்தம்: காரணம் தேடும் முன் நாள்கணக்கைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. ஆனால் ஒரு காது மட்டும் பஞ்சு வைத்து அடைத்தது போல இருக்கிறது. அந்தப் பக்கம் பேச்சு மங்கிக் கேட்கிறது. கூடவே 'கொய்ங்' என்று ஓயாத ஓசை. என்ன காரணமாக இருக்கும்?

காரணங்களின் வரிசை குறும்பியில் தொடங்கி செவி நரம்பில் வளரும் கட்டி வரை போகும். அதற்குள் இறங்கும் முன் கேட்க வேண்டியது, இது எப்போது தொடங்கியது என்பதைத்தான். "நேற்று இரவு நன்றாக இருந்தது, காலையில் எழுந்தால் இந்தக் காதே இல்லை" என்பவரும், "இரண்டு வருடமாகவே போனை இந்தப் பக்கம் வைத்தால் சரியாகக் கேட்பதில்லை" என்பவரும் சொல்லும் அறிகுறிகள் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் முன்னவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. அவர் இன்றோ நாளையோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேட்புத்திறன் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் என்பதற்கே தனிப் பொருள் உண்டு. முதுமை, பரம்பரை, காதைக் கெடுக்கும் மருந்துகள், வருடக்கணக்கான ஆலைச் சத்தம் ஆகியவை பெரும்பாலும் இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். வயது இரண்டுக்கும் ஒன்றுதானே, ரத்தமும் ஒன்றுதானே. ஒரு காது மட்டும் பின்தங்கினால் அந்தப் பக்கத்தில் தனியாக ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் இங்கே பொருந்தாது.

வழியில் அடைப்பா, நரம்பில் கோளாறா

காதுக் குழாய், செவிப்பறை, அதன் பின்னால் உள்ள மூன்று குட்டி எலும்புகள் வரை ஒலியைக் கடத்தும் வழி. அதற்கு உள்ளே நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவும் செவி நரம்பும் ஒலியை மின் குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்பும் பகுதி. கோளாறு இந்த இரண்டில் எதில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முன்னதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம், அவசரமும் குறைவு. பின்னதில் சில சமயம் நேரமே மருந்து.

தொல்லை என்னவென்றால், 'அடைப்பு' என்ற உணர்வு இரண்டிலும் வரும். காக்ளியா திடீரென்று செயலிழந்தாலும் மூளைக்கு அது காது அடைத்தது போலத்தான் தெரியும். அதனால் சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் போட்டுக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்துவிட்டு வருபவர்கள் ஏராளம். முதலில் பார்த்தவரே "சளி கோத்திருக்கிறது" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த சுருதியில் 'ம்ம்ம்' என்று சில நொடிகள் முனகுங்கள். ஓசை எந்தக் காதில் பெரிதாகக் கேட்கிறது? மந்தமான காதில் பெரிதாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் வழியில். நல்ல காதின் பக்கம் ஓடிவிட்டால் சந்தேகம் நரம்பின் பக்கம். இதன் சூட்சுமம் புரிய, நன்றாக இருக்கும் காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் ஓசை கூடும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியே தப்ப வழியில்லாமல் உள்ளேயே தங்குவதும், வெளிச்சத்தம் அந்தக் காதுக்குப் போகாமல் இருப்பதும் இதற்குக் காரணம். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். அதற்கு வெபர் சோதனை என்று பெயர். இசைக்கவையைக் காதின் பின் எலும்பிலும், பிறகு காதின் முன்னாலும் மாற்றி வைத்துப் பார்ப்பது ரின்னே சோதனை.

முனகல் சோதனைக்கு எல்லை உண்டு. குறைபாடு லேசாக இருந்தாலோ, இரண்டு காதிலும் ஏதேனும் இருந்தாலோ குழப்பமான விடைதான் கிடைக்கும். "மந்தமான காதில்தான் கேட்கிறது" என்ற விடையை வைத்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. "நல்ல காதில்தான் கேட்கிறது" என்றால் மட்டும் கிளம்பும் வேகத்தைக் கூட்டுங்கள்.

குறும்பியும் அதற்குப் பின்னால் இருப்பவையும்

குறும்பி மிகச் சாதாரணமான காரணம். தலைக்குக் குளித்ததும் ஒரு காது 'டப்' என்று அடைத்தால், உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊதி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடிவிட்டது என்று பொருள். பஞ்சுக் குச்சி இதைத் தீர்க்காது. வெளியே வரும் குறும்பியைத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது போல உள்ளே தள்ளி இறுக்கும்.

ஆலிவ் எண்ணெய் அல்லது 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள் விடலாம். ஒருக்களித்துப் படுத்து, விட்டபின் ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அடைப்பு கூடுவது போலத் தோன்றும். குறும்பி ஊறுவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். பிறகும் வரவில்லை என்றால் மருத்துவமனையில் உறிஞ்சியோ, தண்ணீர் பீய்ச்சியோ எடுப்பார்கள். பீய்ச்சும் தண்ணீர் உடல் சூட்டில், சுமார் 37 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆறிய தண்ணீரோ சுடுநீரோ போனால் உள்காதின் சமநிலை உறுப்பு கிளறப்பட்டு அறையே சுழலும். செவிப்பறையில் ஓட்டை, சீழ், முன்பு காதில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் பீய்ச்சவே கூடாது, சொட்டு மருந்தையும் கேட்காமல் விடக் கூடாது. காதில் மெழுகுவத்தி வைத்துக் குறும்பியை உறிஞ்சும் முறை எதையும் உறிஞ்சுவதில்லை. காதைச் சுட்டுவிட்டுப் போகும்.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரியாது. குறும்பியால் கேட்பது குறைய வேண்டுமானால் அது குழாயை முழுக்க மூட வேண்டும். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் ஒலி பெருமளவு போய்விடும். ஆகவே காதுக்குள் குறும்பி தெரிகிறது என்பதாலேயே குற்றவாளி அதுதான் என்று முடிவுகட்டக் கூடாது. எடுத்தபின் கேட்பது சரியாகிவிட்டதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று வீட்டுக்கு வருவதற்குப் பதில், அன்றே கேட்புச் சோதனை கேளுங்கள்.

நடுக்காதில் நீர் தேங்குவது அடுத்தது. சளிக்குப் பின்போ விமானப் பயணத்துக்குப் பின்போ வரும். மூக்கின் பின்பகுதியிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வீங்கி அடைத்துக்கொள்வதால், உள்ளே காற்று குறைந்து நீர் ஊறுகிறது. குனிந்தால் நிமிர்ந்தால் காதுக்குள் ஏதோ அசைவது போல இருக்கும், தன் குரலே பானைக்குள் பேசுவது போல ஒலிக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு, ஒரு பக்கம் மட்டும், காரணமில்லாமல் நீர் தேங்கி வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், மூக்கின் பின்புறத்தை மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் குழாயின் வாயிலில் வளரும் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளம் சில நேரம் இதுவாகத்தான் இருக்கும். கழுத்தில் கட்டி, மூக்குச் சளியில் ரத்தக் கீற்று இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

கன்னத்தில் விழுந்த அறை, உள்ளே போன குச்சி, அருகில் நடந்த வெடி ஆகியவற்றால் செவிப்பறை கிழியலாம். சின்னக் கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். அதுவரை தண்ணீர் போகாமல் காப்பதுதான் வைத்தியம். வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொண்டு குளிக்கலாம்.

நாற்றத்தோடு விட்டுவிட்டு ஒழுகும் காது வேறு கதை. வலி இல்லாததால் அலட்சியப்படுத்துவார்கள். செவிப்பறை உள்வாங்கிய பையில் தோல் செதில்கள் சேர்ந்து வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியேட்டோமா இப்படித்தான் இருக்கும். பெயரைக் கேட்டால் கொழுப்புக் கட்டி போலத் தோன்றும், ஆனால் அதில் கொழுப்பும் இல்லை, அது புற்றுநோயும் இல்லை. சொட்டு மருந்தால் ஒழுகல் அடங்கும், நோய் அடங்காது. அறுவை சிகிச்சைதான்.

இளம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, செவிப்பறை பார்க்க நன்றாக இருந்தும் மெல்ல மெல்ல மந்தம் கூடினால் ஓட்டோஸ்கிளரோசிஸ் இருக்கலாம். மூன்றாவது எலும்பான அங்கவடி அசைய முடியாமல் இறுகிப்போவது இது. ஒரு காதில் தொடங்கினாலும் பெரும்பாலானவர்களுக்குப் பின்னாளில் மற்றதையும் தொடும். சத்தமான இடத்தில் எனக்கு நன்றாகக் கேட்கிறது என்று இவர்கள் சொல்வது விசித்திரம், ஆனால் உண்மை: சத்தத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், இவருக்குச் சுற்றுச்சத்தம் தொந்தரவாகத் தெரிவதில்லை. காது மெஷின் போட்டுக்கொள்ளலாம், அல்லது அங்கவடியின் இடத்தில் நுண்ணிய பிஸ்டன் பொருத்தலாம்.

திடீர் நரம்புச் செவிடு

இதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் கோட்டைவிடப்படுவது இதில்தான். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் (சுருதி அளவுகளில்) 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்புத்திறன் விழுந்திருந்தால் அது திடீர் நரம்புச் செவிடு. 30 டெசிபல் வீழ்ச்சி என்றால் சாதாரணப் பேச்சு கிசுகிசுப்பாகிவிடும் அளவு. பெரும்பாலும் காலையில் எழும்போதோ, போனைக் காதில் வைக்கும்போதோதான் தெரியவரும். சிலர் முதலில் ஒரு 'பட்' ஓசை கேட்டதாகச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு இரைச்சலும், சிலருக்குத் தலைசுற்றலும் சேர்ந்தே வரும்.

பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கடைசி வரை தெரிவதில்லை. வைரஸ், உள்காதுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாயில் தடை, நோய் எதிர்ப்பாற்றலே காதைத் தாக்குவது என்று மூன்று ஊகங்கள் உண்டு. அந்த ரத்தக்குழாய்க்கு மாற்றுப் பாதை கிடையாது. ஒரு காக்ளியாவில் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதும் கிடையாது.

மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு பேர் வரை சிகிச்சை இல்லாமலேயே ஓரளவாவது தேறுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அப்படியானால் ஏன் அவசரம்? யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. இதற்குத் தரப்படும் மருந்து ஸ்டீராய்டு, வீக்கத்தைத் தணிப்பது. அதற்கு ஆதரவான சான்றுகள் அசைக்க முடியாதவை என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். இரண்டு வாரம் போனபின் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற நிலையை விட, சீக்கிரம் கொடுத்துப் பார்ப்பது மேல்.

வழக்கமான அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, உச்சவரம்பு நாளைக்கு 60 மில்லிகிராம். காலையில் ஒரே வேளையாக 10 முதல் 14 நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். அரைகுறை அளவில் மூன்று நாள் கொடுத்து நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. இதை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. சர்க்கரை எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப்புண் கிளம்பும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரைக்குப் பதிலாக, செவிப்பறை வழியே மெல்லிய ஊசியால் நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு செலுத்துவார்கள். காது மேலே பார்க்கப் படுத்து, விழுங்காமல், பேசாமல் கால் மணி முதல் அரை மணி நேரம் இருக்க வேண்டும். விழுங்கினால் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். மாத்திரையால் தேறாதவர்களுக்கும், தொடங்கிய இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இந்த ஊசியை அடுத்த முயற்சியாகப் போடலாம். சில மையங்களில் ஸ்டீராய்டோடு சேர்த்து உயர் அழுத்த ஆக்சிஜன் அறையும் பயன்படுத்துகிறார்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து ஆகியவற்றுக்கு இந்த நோயில் பலன் காட்டப்படவில்லை. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பதும் இங்கே வீண் செலவு.

எடுக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. கேட்பது முழுக்கத் திரும்பிவிட்டாலும் எடுக்க வேண்டும். செவி நரம்புக் கட்டி உள்ள சிலருக்கு முதல் அடையாளமே திடீர்ச் செவிடாக வரும், ஸ்டீராய்டுக்கு அது தற்காலிகமாகத் தேறவும் செய்யும். "சரியாயிடுச்சே" என்று விட்டுவிட்டால் கட்டி உள்ளேயே இருக்கும்.

இதோடு இன்னொரு ஜாக்கிரதை. காது கேளாமையோடு நிற்க முடியாத தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், முகம் மரத்துப்போதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இதுவரை வராத கடும் தலைவலி என்று எது இருந்தாலும் காது மருத்துவரைத் தேடாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்காதுக்கு ரத்தம் தரும் குழாய் பெரும்பாலும் சிறுமூளையின் ஒரு பகுதிக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் தரும் தமனியிலிருந்தே கிளைக்கிறது. பக்கவாதம் காதின் வழியாக முன்னறிவிப்புத் தருவது உண்டு.

வந்து போகும் மந்தம்: மெனியர் நோய்

ஒரு காதில் கனம், தாழ்ந்த சுருதியில் கடல் இரைவது போன்ற ஓசை, கேட்பது குறைதல், பிறகு அறை சுழலும் தலைசுற்றல், வாந்தி. சில மணி நேரத்தில் எல்லாம் ஓயும், காதும் ஓரளவு திரும்பும். வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும். 1861இல் பிரான்ஸின் ப்ரோஸ்பர் மெனியர், மூளைக் கோளாறு என்று நம்பப்பட்ட இத்தகைய சுழற்சி உள்காதிலிருந்தும் வரலாம் என்று காட்டினார். சுழற்சி 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிப்பதும், குறைந்தது இரண்டு தடவை வந்திருப்பதும், தாழ்ந்த அதிர்வெண்களில் கேட்பு விழுந்திருப்பதும் இதன் இலக்கணம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, படுக்கையில் புரளும்போது மட்டும் சுழன்றால் அது வேறு, அதில் காது மந்தமாவதில்லை.

உப்பைக் குறைப்பது, நீர் பிரியும் மாத்திரை, பீட்டாஹிஸ்டின் என்று தொடங்குவார்கள். பீட்டாஹிஸ்டின் உலகெங்கும் விழுங்கப்படுகிறது, ஆனால் 2016இல் வெளியான ஒன்பது மாத ஆய்வில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடங்காதவர்களுக்கு நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி. கடைசியாக ஜென்டாமைசின் ஊசி: அது அந்தப் பக்கச் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது, மிச்சக் கேட்பும் போகக்கூடும்.

நரம்புக் கட்டி

எல்லோரும் இணையத்தில் தேடிப் பயப்படுவது இதற்குத்தான். பெயரளவில் இது செவிக் கட்டி, உண்மையில் அருகே ஓடும் சமநிலை நரம்பின் உறையில் வளர்வது. புற்றுநோய் கிடையாது, பரவாது. ஒரு பக்க மந்தத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும் நூறு பேரில் சுமார் ஒருவர் முதல் மூவர் வரைதான் இது அகப்படும். வளரும்போதும் பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான், பல கட்டிகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இவ்வளவு மெதுவாக வளர்வதால் மூளை சமநிலையைச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஆகவே பெரிய சுழற்சி வருவதில்லை, இருட்டில் நடக்கும்போது லேசான தள்ளாட்டம் இருக்கலாம்.

இதன் சிறப்பு அடையாளம், ஒலி கேட்கும் அளவுக்குச் சொல் புரியாமல் போவது. "சத்தம் வருகிறது, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை." சிறிய கட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். வளர்ந்தால் துல்லியக் கதிர்வீச்சு, பெரிதானால் அறுவை சிகிச்சை. இரண்டு பக்கமும் இருந்தால் அது மரபணு நோய், குடும்பத்தாரையும் பார்க்க வேண்டும்.

நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும் ஓசை

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காது ஓசையைக் கவனியுங்கள். 'ஹுஷ்... ஹுஷ்...' என்று இரண்டும் ஒன்றாகத் துடித்தால் இது மேலே சொன்ன எந்த வகையிலும் சேராது, பெரும்பாலும் எங்கோ ரத்த ஓட்டத்தின் சலசலப்பு காதை எட்டுகிறது. ரத்தசோகை, தைராய்டு மிகை போன்ற எளிய காரணங்களும் உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் சிவந்து தெரியும் ரத்தக்குழாய்க் கட்டி, மூளையின் உறையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துகொண்ட கோளாறு, சிரையில் குறுக்கம் ஆகியவையும் உண்டு. எடை கூடிய இளம் பெண்ணுக்கு இத்துடன் தலைவலியும், குனிந்து எழும்போது கண் இருள்வதும் இருந்தால், மண்டைக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கலாம். கண் மருத்துவர் பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும், விட்டால் பார்வை போகும். இவர்களுக்கு எடுக்கும் ஸ்கேன் ரத்தக்குழாய்களைக் காட்டுவதாக இருக்க வேண்டும். சாதாரண எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு வரக் கூடாது.

இதற்குப் பக்கத்தில் ஒரு விநோத நோய். தன் கண் விழி உருள்வது காதில் கேட்கும், குதிகால் தரையில் படுவது மண்டைக்குள் அதிரும், பலத்த சத்தம் கேட்டால் தலை சுற்றும். உள்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பில் சிறு ஓட்டை இருப்பதே காரணம். 1998இல் லாயிட் மைனர் இதை விவரிக்கும் வரை இப்படிச் சொன்னவர்களை மனப்பிரமை என்றுதான் அனுப்பியிருப்பார்கள். சோதனைத் தாளில் இது அங்கவடி எலும்பு இறுகியது போலவே தெரியும். அந்த எண்ணத்தில் அறுவை சிகிச்சை செய்தும் பலன் இல்லாமல் போனவர்கள் உண்டு.

மற்றவை, சுருக்கமாக

வெடிச்சத்தம், துப்பாக்கி: வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் அதிகம் கெடும். குழல்வாய்க்கு எதிரே இருப்பது அது, வலது காது தலை நிழலில் தப்புகிறது. கேட்புத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து, 8,000இல் மேலேறும். தலையில் அடிபட்டபின் மந்தமும், காதில் ரத்தமும் வந்தால் காது எலும்பு முறிவைத் தேட சி.டி. ஸ்கேன். நீரில் ஆழம் இறங்கியோ, மூச்சை அடக்கிப் பெரும் பளு தூக்கியோ உடனே காது போனால், உள்காதின் நீர் கசிந்திருக்கலாம். அவர் முக்கவோ, மூக்கைப் பலமாகச் சிந்தவோ கூடாது.

காதில் கடும் வலி, மடலிலோ குழாயிலோ கொப்புளம், அதே பக்கம் வாய் கோணுதல் மூன்றும் சேர்ந்தால் சின்னம்மை வைரஸ் நரம்பில் விழித்துக்கொண்டது என்று பொருள். அதற்கு மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் தொடங்குவது நல்லது. சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு காது முழுக்கப் போய்விட்டதை, பல வருடம் கழித்து போனைக் காது மாற்றி வைக்கும்போதுதான் சிலர் கண்டுபிடிக்கிறார்கள். கேட்பு முழுக்க நன்றாக இருந்து, பல்லைக் கடித்தால், தாடையை அசைத்தால், கழுத்தைத் திருப்பினால் இரைச்சல் மாறுகிறது என்றால் தாடை மூட்டையும் கழுத்துத் தசையையும் பாருங்கள்.

கேட்புத் தாளைப் படிப்பது

ஆடியோகிராமில் இடமிருந்து வலமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை சுருதி. மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பு மோசம். வலது காது சிவப்பு வட்டம், இடது நீலப் பெருக்கல் குறி. 20 முதல் 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு. ஹெட்போனில் கேட்ட காற்று வழிக் கோட்டுக்கும், காதின் பின் எலும்பில் அதிர்வு வைத்துக் கேட்ட எலும்பு வழிக் கோட்டுக்கும் இடைவெளி இருந்தால் கோளாறு வழியில், இரண்டும் ஒட்டியே கீழே இருந்தால் நரம்பில். பக்கத்துப் பக்கத்து இரண்டு அதிர்வெண்களில் 15 டெசிபலுக்கு மேல் இரு காதுக்கும் வித்தியாசம் இருந்தால், ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அது.

ஒரு பக்கம் கெட்டவர்களின் தாளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. கெட்ட காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 40 டெசிபல் வித்தியாசத்துக்கு மேல் அது மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்குத் தாவிவிடும். நோயாளி "கேட்குது" என்று பொத்தானை அழுத்துவார், கேட்டது நல்ல காது. இதைத் தடுக்க நல்ல காதில் 'உஷ்' என்ற மறைப்பு ஓசையை விட வேண்டும். விடாமல் எடுத்தால், ஒன்றுமே கேட்காத காதுகூட 50, 60 டெசிபலில் கோடு காட்டும், அந்தக் கோடு நல்ல காதின் கோட்டை அப்படியே நகலெடுத்திருக்கும். சோதனையின்போது நல்ல காதில் இரைச்சல் விடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையும், நடுக்காது அழுத்தத்தை அளக்கும் டிம்பனோகிராமும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இரைச்சலோடு என்ன செய்வது

காக்ளியாவிலிருந்து வரும் குறிப்பு குறைந்ததும் மூளை தன் ஒலிப்பெருக்கியைத் திருகிக் கூட்டுகிறது. அந்தக் கூட்டலின் இரைச்சலே பெரும்பாலும் நாம் கேட்பது. அதனால்தான் இரைச்சலின் சுருதி, கேட்பு விழுந்த அதிர்வெண்ணை ஒட்டியே இருக்கும். அளந்து பார்த்தால் அது பெரும்பாலும் கேட்கும் எல்லைக்கு மேல் சில டெசிபல்தான். ஆனால் நிசப்தமான படுக்கையறையில் அதுவே மலையாகத் தெரியும். எனவே நிசப்தத்தைத் தவிருங்கள்: மின்விசிறி, மழையோசை, எதுவானாலும் இரைச்சலை மூழ்கடிக்காமல் அதை விடச் சற்றே கீழே இருக்கும்படி வையுங்கள். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு அமைதியில் உட்கார்ந்தால் கூடும். கேட்புக் குறை இருந்தால் காது மெஷின் இரைச்சலையும் பலருக்குத் தணிக்கிறது. தூக்கமும் மனமும் குலைந்தவர்களுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. இரைச்சலை அணைக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ, துத்தநாகம் என்று விற்பவற்றுக்குப் பலன் நிறுவப்படவில்லை.

ஒரு காது நிரந்தரமாகப் போய்விட்டால், ஓசை வரும் திசை தெரியாது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்க முடியாது. சாலையைக் கடக்கும்போது காதை நம்பாமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். மேஜையில் உட்காரும்போது செவிட்டுப் பக்கம் சுவர் இருக்கட்டும். கெட்ட காதின் பக்க ஒலியைப் பிடித்து நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவியையும், எலும்பு வழிக் கருவியையும் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இவை அந்தப் பக்கப் பேச்சைக் கேட்கவைக்கும், ஆனால் வேலை செய்வது அப்போதும் ஒரு காதுதான். அதனால் திசையறிவு திரும்பாது. திசையறிவை ஓரளவு மீட்பதும், பலருக்கு இரைச்சலையும் தணிப்பதும் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காக்ளியாவுக்குள் பதித்து செவி நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டும் கருவி. ஒரு பக்கச் செவிடுக்கு அமெரிக்காவில் 2019இல் இதற்கு அனுமதி கிடைத்தது. செவி நரம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காது போய் எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் பார்ப்பார்கள், வருடம் கூடக் கூடப் பலன் குறையும். அதனால் இந்த முடிவையும் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காமல், காது திரும்பவில்லை என்று உறுதியான சில மாதங்களிலேயே பேசிவிடுவது நல்லது.